ஐந்தொகையும் ஆசிரியர் அறையும்

தமிழாசிரியனுக்கு வங்கியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். மாதந்தோறும் சம்பளம் வந்து சேருமிடம். வீட்டுக் கடனும் கார்க் கடனும் பிடித்தது போக எஞ்சியதை எடுத்து வருமிடம். அதற்கு மேல் நம் போன்றோர்க்கும் வங்கிக்கும் உறவில்லை என்பதே பொதுவான எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில், நலிவுற்றுப் பின் நிமிர்ந்த நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது நிமிர்ந்த வகையை ஆராய்ந்து எழுதுமாறு பணித்தனர். உடன் பயின்றோர் ஜப்பானிய மோட்டார் தொழிற்சாலைகளையும் அமெரிக்கக் கணினி நிறுவனங்களையும் தேர்ந்தனர். எனக்கோ தமிழ் மண்ணில் தோன்றிய ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்ற அவா. தேடியதில் கிடைத்தது, சென்னையில் பிறந்த இந்தியன் வங்கி. அன்று நான் எழுதிக் கொடுத்தது பத்துப் பக்கம். பயிற்சிக் கட்டுரையில் இடம்பெற இயலாமற் போனவை பல. அவற்றையே ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

அவ்வங்கியின் பிறப்பே ஒரு முறிவிலிருந்து எழுந்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னையில் பெரும்பெயர் பெற்றிருந்த ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய நிறுவனம் நொடித்தது. நம்பிப் பணம் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் பல தெருவுக்கு வந்தன. அந்நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர்ச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நாட்டு மக்களின் பணத்தை நாட்டு மக்களே காக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்று முயன்றார். நாட்டுக்கோட்டை நகரத்தார் துணை நின்றனர். சுதேசி உணர்வு ஓங்கியிருந்த காலம் அது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் வங்கி தன் பணியைத் தொடங்கிற்று. 1932இல் கொழும்பிற் கிளை கண்டது. 1941இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, மலாக்கா ஆகிய நகர்களிலும் கிளை விரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். பின் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டுவதில்லை.

நகரத்தார் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர இயலவில்லை. பணியிடப் பண்பாடு என்று இன்று பயிற்சிக் கூடங்களிற் பேசப்படும் பொருளை, அவர்கள் தங்கள் கிட்டங்கிகளில் ஒரு முறையாகவே வகுத்திருந்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, அப்பெட்டியே மேசை, இரவில் அதன் அருகிலேயே படுக்கை. சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப் பழகி அடுத்தாளாவான். தேறியவன் மேலாளாகி மூன்றாண்டுத் தவணையிற் கடையையே நடத்துவான். சம்பளம் ஒருபுறம், தவணை முடிவிற் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கு மற்றொருபுறம். ஊரிலிருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடலுக்கு அப்பால் இருப்பவனை நம்பி இலட்சங்களை ஒப்படைத்தார்களே, எவ்வாறு? ஆளைப் பலகால் பழகி அறிந்தனர். அறிந்த பின் ஐயுறாமல் விட்டனர். ஆனாற் கணக்கை மட்டும் ஒருபோதும் விடவில்லை. திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்துவினையாடல் வைக்கப்பட்டிருப்பதன் பொருத்தத்தை மாணவர்க்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அம்முறையில் குறை இல்லாமலில்லை. கடன்பட்டவன் கண்ணீரைப் பற்றிய பேச்சு அங்கு அதிகம் இராது. அது வேறு கட்டுரைக்குரியது.

மற்றொன்றும் தமிழாசிரியன் கண்ணிற் படும். 'ஊதியம்' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆதாயம், இலாபம் என்பதே பொருள். இன்று நாம் அதனைச் சம்பளத்திற்கு வழங்குகின்றோம். நிறுவனத்தின் இலாபத்தையும் உழைப்பவன் கூலியையும் ஒரே சொல் குறிக்கும் நிலை மொழியில் எப்படியோ வாய்த்துவிட்டது. நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதைத்தான் காண்கின்றோம்.

1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அவற்றுள் இந்தியன் வங்கியும் ஒன்று; எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. அந்த முடிவின் அலை இந்நாட்டுக் கரையையும் வந்து மோதியது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகள் இங்குத் தொழில் செய்வதற்கு 1973ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே இங்கிருந்த அவ்விரு வங்கிகளின் கிளைகளும் யுனைடெட் கமர்சியல் வங்கியின் கிளைகளும் ஒன்றாக்கப்பட்டு யுனைடெட் ஏசியன் வங்கி உருவாயிற்று. எங்கள் தந்தையார் அந்தப் பெயரைச் சொல்லும்போது அதில் ஒரு பெருமிதம் தொனிக்கும். பால்மரம் சீவிய கைகளுக்கு அது நம்முடைய வங்கி. ஆனால் அவ்வங்கி எண்பதுகளில் பெருநட்டத்திற் சிக்கியது. நாட்டின் நடுவண் வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. 1991இல் பேங்க் ஆப் காமர்ஸ் என்னும் வங்கியுடன் இணைந்து பெயரும் மறைந்தது. தாய் வங்கிக்கும் அதே நோய் கண்டது. அது மட்டும் எவ்வாறு பிழைத்தது என்பதே என்னை ஈர்த்த வினா.

1995–96ஆம் நிதியாண்டில் இந்தியன் வங்கி காட்டிய நட்டம் 1,336 கோடி ரூபாய். அதற்கு முன் இந்திய வங்கி எதுவும் அத்துணைப் பெரிய நட்டத்தைக் காட்டியதில்லை. ஒரே ஆண்டில் இவ்வளவு பணம் எங்கே போயிற்று? உண்மையில் அது ஒரே ஆண்டிற் போனதன்று. பல்லாண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது, கணக்கில் மட்டும் இருந்தது.

இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வங்கியில் நூறு ரூபாய் கடன் வாங்குகிறார். ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் வட்டி. அவர் முதலும் தரவில்லை, வட்டியும் தரவில்லை. பழைய முறைப்படி வங்கி என்ன செய்தது? வரவேண்டிய பதினைந்து ரூபாயை வந்துவிட்டதாகவே வரவு வைத்தது. கடன் நூற்றுப்பதினைந்தாயிற்று, வருமானம் பதினைந்து கூடிற்று, ஏட்டில் இலாபம். 1991ஆம் ஆண்டு நரசிம்மம் குழு இவ்வழக்கத்தை மாற்றுமாறு பரிந்துரைத்தது. அதன்பின் வந்த விதிகளின்படி, குறித்த காலம் கடந்தும் வட்டி வராத கடன் வாராக் கடன் எனப் பிரிக்கப்பட வேண்டும். கைக்கு வராத வட்டியை வருமானமாகக் காட்டலாகாது. நட்டத்திற்கென ஒரு தொகையையும் ஒதுக்க வேண்டும். தொடக்கத்தில் ஓராண்டாக இருந்த அக்கால வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2004 முதல் 90 நாளாயிற்று. திரை விலகியதும், கொடுத்திருந்த கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாராக் கடன் என்னும் உண்மை வெளிப்பட்டது. பெருங்கடன்கள் எவ்வாறு வழங்கப்பட்டன என்பது பற்றி எழுந்த வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன.

இதனைப் படித்தபோது எனக்கு வங்கி நினைவில் இல்லை. பள்ளிதான் நினைவில் நின்றது. நான்காம் ஆண்டு மாணவன். அவன் பெயருக்கு நேரே அடைவுநிலை நான்கு என்று பதிவாகியிருக்கும். பாடநூலைத் திறந்து கொடுத்து ஒரு பத்தியைப் படி என்றால், முதற்சொல்லிலேயே நின்றுவிடுவான். ஆசிரியர் பொய்யர் அல்லர். முந்தைய ஆண்டு மூன்று என்று இருந்தது, ஓராண்டு கழிந்தது, ஆகவே நான்கு. வராத வட்டியை வரவு வைத்த அதே மனநிலை. கீழே எழுதினால் மேலிடத்திற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கத்திற்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். திட்டத்திற்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். நான்கு என்று எழுதிவிட்டால் எல்லாம் அமைதி. 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வு எடுக்கப்பட்ட பின், இந்த அமைதி ஆறாண்டுகளுக்கும் நீடிக்கக்கூடியதாயிற்று. தேர்வு திரும்ப வேண்டும் என்பது என் வாதமன்று. வாராக் கடனை வாராக் கடன் என்று எழுதும் துணிவை ஆசிரியருக்கு யார் தருவது என்பதே என் கேள்வி.

நட்டம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1999இல் இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு, நலிந்த வங்கிகள் என மூன்றைச் சுட்டியது: இந்தியன் வங்கி, யூகோ வங்கி, யுனைடெட் பேங்க் ஆப் இந்தியா. தொழிலதிபர் தரப்பிலிருந்து, இவற்றை மூடிவிடலாமே என்ற குரல் எழுந்தது. ஊழியர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கித் திருப்பாத பெரும்புள்ளிகளின் பட்டியலையே வெளியிட்டன. மூடு என்பவனின் நண்பன் பெயர் பட்டியலில் இருந்தால் வாதத்தின் வலு சற்றுக் குறையுமல்லவா! வர்மா குழுவும் மூடுவதைப் பரிந்துரைக்கவில்லை, சீரமைக்கவே சொன்னது.

2000ஆம் ஆண்டு ஜூனில் ரஞ்சனா குமார் என்னும் அம்மையார் அவ்வங்கியின் தலைவராகப் பொறுப்பேற்றார். கனரா வங்கியில் செயல் இயக்குநராக இருந்தவர். இந்தியாவின் பொதுத்துறை வங்கி ஒன்றின் தலைமை ஏற்ற முதற் பெண்மணி. தம் பட்டறிவைப் பின்னாளில் நூலாகவும் எழுதினார். நட்டக் கிளைகள் பல அண்டைக் கிளைகளோடு சேர்க்கப்பட்டன. தலைமை அலுவலகத்திற்கும் கிளைக்கும் இடையே அடுக்கடுக்காய் நின்ற அலுவலகங்கள் குறைக்கப்பட்டன. கடன் வசூல் ஒவ்வொரு கிளையின் நாள்வேலையாக்கப்பட்டது. பழைய கடன்கள் பேசித் தீர்க்கப்பட்டன. சிலவற்றில் வட்டியைத் தள்ளி முதலை மீட்டதும் உண்டு. இவற்றுள், இடையடுக்குகளைக் குறைத்ததையே நான் முதன்மையாகக் கருதுகின்றேன். ஒரு தாள் நான்கு மேசைகளைக் கடந்து வரும்போது, அதில் எழுதப்பட்டிருந்த உண்மை ஒவ்வொரு மேசையிலும் சிறிது உதிர்ந்துவிடுகின்றது. மாவட்டக் கல்வி அலுவலகம், மாநிலக் கல்வி இலாகா, அமைச்சு என்று தாள் ஏறிப் பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

2000–01இல் நட்டம் 274 கோடி. 2001–02இல் 33 கோடி ரூபாய் இலாபம். அடுத்த ஆண்டு அது 189 கோடியாயிற்று. 2007இல் வங்கியின் பங்குகள் ஒன்று 91 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், 1865இல் தோன்றிய அலகாபாத் வங்கி இதனோடு இணைக்கப்பட்டது. மூடிவிடலாம் என்று ஒரு காலத்திற் பேசப்பட்ட வங்கி, தன்னினும் மூத்த ஒன்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இவ்வெற்றியைத் தலைமைப் பண்பு ஒன்றினாலேயே விளைந்ததாகக் காட்டுவது பயிற்சிக் கூடங்களின் வழக்கம். நான் அதற்கு உடன்படேன். அரசு பெருந்தொகையை மூலதனமாக அளித்தது. அது இல்லையேல் எந்தத் தலைவராலும் எதுவும் செய்திருக்க இயலாது. அக்காலத்தில் இந்தியாவில் வட்டி விகிதம் இறங்கியது. வட்டி இறங்கினால் வங்கிகள் கையிலுள்ள அரசுப் பத்திரங்களின் விலை ஏறும். எல்லா வங்கிகளுக்கும் அதனால் ஆதாயம். 2002இல் வந்த சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றத்திற்கு அலையாமலே கைப்பற்ற வழி செய்தது. காலமும் கைகொடுத்தது. எனினும், மழை எல்லா வயலிலும்தான் பெய்கின்றது. வரப்பு உடைந்த வயலில் நீர் நிற்பதில்லை.

விருப்ப ஓய்வுத் திட்டத்தைப் பற்றித்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2000–01இல் இந்தியப் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அத்திட்டத்தின் கீழ் வெளியேறினர். இந்தியன் வங்கியிலும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். செலவு குறைந்தது, ஐந்தொகை மெலிந்து அழகாயிற்று. போனவர் யார்? வெளியே சென்றாலும் பிழைக்க முடியும் என்ற நம்பிக்கை உடையவரே முதலிற் கையெழுத்திடுவர். வாடிக்கையாளரை முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கும் பழைய எழுத்தர் ஒருவர் போனால், அவரோடு முப்பதாண்டு நினைவாற்றலும் போகின்றது. அதனை எந்த ஏட்டிலும் நட்டமாக எழுதுவதில்லை. நம் பள்ளிகளிலிருந்தும் ஆண்டுதோறும் நல்லாசிரியர் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுச் செல்கின்றனர். "சார், பிள்ளைகளோடு இருப்பது எனக்குக் களைப்பே இல்லை, கணினியில் பதிவதுதான் களைப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார் என்னோடு இருபதாண்டு பணியாற்றிய ஆசிரியை ஒருவர். அவர் இடத்திற்கு ஆள் வந்துவிட்டார். பணியிடம் நிரம்பிற்று என்றுதான் அறிக்கையில் எழுதினோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்தைக் கண்ணிற் காட்டும் அவருடைய வித்தையை எந்தப் பத்தியில் எழுதுவது?

பணியிடப் பண்பாடு என்பது உள்ளிருப்போர் ஒருவரையொருவர் நடத்தும் முறை மட்டுமன்று; கம்பிக்கு இப்புறம் நிற்பவரை அவர்கள் நடத்தும் முறையில்தான் அது வெளிப்படுகின்றது. நான் தொடக்கப்பள்ளியிற் படித்த காலத்தில், தந்தையார் என்னை ஒரு வங்கிக்கு அழைத்துச் சென்றார். வங்கியின் பெயர் இங்கு வேண்டாம். அவருக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். முகப்பில் இருந்தவர் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டைவிரல் சரியாகப் பதியவில்லை. மீண்டும் வை என்று மலாயில் அதட்டினார். மூன்றாம் முறை, உள்ளே இருந்த நம்மவர் ஒருவர் எழுந்து வந்து, "அண்ணே, விரலைத் துடைச்சிட்டு மெதுவா வையுங்க" என்றார். அந்த 'அண்ணே' என்ற சொல்லுக்காகவே தந்தையார் இறுதிவரை அதே கிளையிற் கணக்கு வைத்திருந்தார். வைப்பு வளர்ச்சி என்று அறிக்கைகள் எழுதுவோர் இதனை எந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பார்களோ அறியேன்.

இந்தியன் வங்கியின் வரலாற்றில், நட்டக் கணக்குகளுக்கு நடுவே ஒளிரும் பகுதி ஒன்றுண்டு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், உலக வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு அரசு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் கடன் வழங்கும் பொறுப்பை இவ்வங்கி ஏற்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்வர். வாரந்தோறும் சிறு தொகை சேமிப்பர். தமக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிப் பழகுவர். பின்னரே வங்கி அக்குழுவிற்குக் கடன் தரும். ஈடு எதுவும் இல்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர் அவள் வீட்டுக்குச் சென்று என்ன குறை என்று கேட்பர். சுய உதவிக் குழு என்று இன்று தமிழ்நாடு முழுவதும் அறியப்படும் இயக்கத்தின் தொடக்கங்களுள் அது ஒன்று. மாளிகை வைத்திருந்தவரிடம் கோடிகள் வாராக் கடனாய் நின்ற அதே வங்கியில், ஆடும் மாடும் வாங்கிய பெண்கள் தவணை தவறாமற் கட்டினர்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்றைச் சொல்லலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி. நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. அந்தப் பத்து வெள்ளிகளைக் கொண்டு, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்நாளையத் தோட்டத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று.

தருமபுரிக் குழுக்களைப் பற்றிப் படித்த பின், எங்கள் பள்ளியில் ஒரு முறையை மாற்றினோம். செனாய் வட்டாரத்துப் பெற்றோர் பலர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளிற் கிளம்பிச் சிங்கப்பூருக்குப் போகின்றவர்கள். மற்றவர்கள் தொழிற்பேட்டையிலும் விமான நிலையத்திலும் மாற்றுநேர வேலை பார்ப்பவர்கள். பள்ளிக் கூட்டத்திற்கு அவர்களால் வர இயலாது. வராதவர் அக்கறை அற்றவர் என்று ஆசிரியர் அறையிற் பேசுவதும் வழக்கமாயிருந்தது. ஆகவே ஒரே தாமானிற் குடியிருக்கும் ஐந்தாறு குடும்பங்களை ஒரு குழுவாக்கினோம். குழுவில் ஒரு வீட்டில் மாலை நேரத்திற் பிள்ளைகள் கூடிப் படிப்பர். வேலை முடிந்து வீட்டிலிருக்கும் யாரேனும் ஒரு பெற்றோர் உடனிருப்பார். பெரும்பாலும் பாட்டிமார்தாம் இருக்கின்றனர். அவர்களுள் எழுத்தறியாதவரும் உளர். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லையே!

அதற்கு முன், ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டேன்: "உண்மைப் பட்டியல் ஒன்று வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, வாசிக்க இயலாதவர் எத்தனை பேர்? இத்தாள் என் மேசையைத் தாண்டாது; யாரிடமும் விளக்கம் கேட்கப்படமாட்டாது." முதல் வாரம் வந்தவை ஐந்து பெயர்கள். நான் மறுமொழி சொல்லவில்லை. இரண்டாம் வாரம் இளைய ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பிலிருந்து மட்டும் ஆறு பெயர்களை எழுதிக் கொண்டு வந்தார். அவரை அனைவர் முன்னிலையிலும் நன்றி சொல்லி அமர வைத்தேன். மாத முடிவிற் பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. அன்று ஆசிரியர் அறையில் நிலவிய அமைதி நான் முன்பு கண்ட அமைதியன்று. ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர்; நானும் இருவரை எடுத்துக்கொண்டேன்.

என் பங்குக்கு வந்த இருவருள் ஒருவன் இப்போது செய்தித்தாளின் தலைப்புகளை வாசிக்கின்றான். மற்றவன் ககர வரிசையைக் கடந்து ஙகரத்தில் நிற்கின்றான். ஙகர வரிசையில் அவனுக்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட இல்லை என்று அவன் என்னிடம் முறையிட்டான். நியாயமான முறையீடுதான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை சகரத்திற்குப் போவதென்று இருவரும் முடிவு செய்திருக்கின்றோம்.